நான் எரித்த மறுவீட்டு அத்தியாயம்

எல்லாப் பந்தியும் எழுந்த பின்னரே தன் இலையின் முன் அமரும் என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

உன் தங்கை பூங்கோதை எழுதுவது. நீ இருக்கும் ஊருக்கு அஞ்சல் வசதி உண்டா என்பதை நான் அறியேன். எனினும் உன்னிடம் ஒரு நற்செய்தியும் ஒரு குற்ற ஒப்புதலும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிறர் படிக்கும்படியே எழுதுகிறேன். நற்செய்திக்குச் சாட்சி வேண்டாம், ஒப்புதலுக்கு வேண்டும்.

முதலில் நற்செய்தி. நம் நாவலை ஏற்றுக்கொண்டார்கள், அக்கா. பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாத நாவல் வரிசையில் அடுத்த மாதம் நம் கதை தொங்கப் போகிறது. சென்னையிலிருந்து ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தபோது, கள்ளக்குறிச்சி மண்டபத்தின் பின்கட்டில் நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றாமலே பேசினேன். பேசி முடித்தவுடன் பழக்கத்தால் உன் பக்கம் திரும்பினேன். அங்கே தேங்காய் மூட்டை இருந்தது.

நம்மை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. நானும் நீயும் ஒரே சமையல் மாஸ்டரிடம் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். நான் காய் நறுக்குபவள். நீ பந்தியில் இலை எடுப்பவள். சின்னசேலம், கச்சிராயபாளையம், வடக்கனந்தல் என்று எந்த ஊரில் திருமணம் என்றாலும் நம் வண்டி அங்கே நிற்கும். காலைச் சிற்றுண்டிப் பந்தி முடிந்து பகல் பந்தி தொடங்கும் வரை கிடைக்கும் இடைவெளியில், நான் மாத நாவல் ஒன்றை விரித்து எல்லோருக்கும் வாசிப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எஞ்சிய தமிழைப் பொட்டலக் காகிதத்திலும், பழைய வார இதழிலும், அகராதியிலும் நானே தேடிப் பெற்றேன். மண்டப வாசலில் வைக்கும் வரவேற்புப் பதாகையில் பிழை கண்டால் பெண் வீட்டாரை அழைத்துச் சொல்லாமல் உள்ளே நுழைய மாட்டேன். அதற்கு நீ எவ்வளவு சிரித்திருக்கிறாய்!

காதல் கதைகள்தாம் உனக்குப் பிடிக்கும். அதிலும் கனமில்லாத கதைகள். பையன் ஒரு சாதிச் சாப்பாடு, பெண் வேறொரு சாப்பாடு, இரண்டு வீட்டிலும் ஒரு சித்தப்பா முறுக்கிக்கொண்டு திரிவார், கடைசியில் எல்லோரும் ஒரே படத்தில் பல்லைக் காட்டி நிற்பார்கள். நாவலானாலும் சரி, நம் வண்டியில் வரும் பெண் மலர் கைப்பேசியில் போட்டுக் காட்டும் சினிமாவானாலும் சரி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வருவாய். ஆனால் முடிவு வந்ததும் உன் முகம் மாறிவிடும்.

“தாலிய கட்னாங்க, போட்டோ எட்த்தாங்க, பேர போட்டுட்டான். சோறு போட்டானா இல்லியா? போட்ட எலைய எவ எட்த்தா?”

சினிமாவில் யாரும் உண்பதில்லை என்பது உன் நெடுநாள் வழக்கு. மேடையில் தெரிவதைக் காட்டிலும் இலையில்தான் திருமணம் தெரியும் என்பாய். நீ மேசைக் காகிதத்தோடு இலைகளைச் சுருட்டிக்கொண்டு வரும் வேகத்திலேயே படித்துவிடுவாய். பெண்ணின் இலையில் பாயசம் மட்டும் காலியாகியிருந்தால் அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. எதுவுமே குறையவில்லையென்றால் மேடையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாய். ஒருமுறைகூட நீ தவறியதாக எனக்கு நினைவில்லை.

அப்படித்தான் நம் நாவல் பிறந்தது. குறை சொன்னது போதும், நாமே எழுதுவோம் என்று ஒருநாள் நான் அறிவித்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தும் நீ பேனாவைத் தொட மாட்டாய். நீ சொன்னாய், நான் எழுதினேன். வெள்ளிமலையில் மினி பஸ் ஓட்டும் கதிரேசன். கச்சிராயபாளையத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண் வாணி. அவன் வீட்டில் விருந்தென்றால் சாமைச் சோறு. அவள் அப்பாவுக்குப் பொன்னி அரிசி தவிர மற்றதெல்லாம் பறவைத் தீனி. திருமணப் பந்தியில் எந்தச் சோறு என்பதில் இரண்டு குடும்பமும் பிரிந்து, இரண்டு வரிசைப் பந்தி போட்டு, பிறகு ஒவ்வொருவராக மற்ற வரிசைக்குத் திருட்டுத்தனமாக நழுவிப் போகும் அத்தியாயத்தை நீ சொன்னபோது, மாஸ்டர் சாம்பாரைக் கிளறுவதை விட்டுவிட்டு நின்றார். சாம்பார் அடிப்பிடித்தது. பழி நமக்கு வந்தது.

கதையின் தொடக்கம் மட்டும் முழுக்க என்னுடையது. கல்வராயன் மலையில் விடியல். கோமுகி அணை நீரில் அதன் நிழல். எட்டுப் பக்க வருணனை. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைத்தேன். அதை வாசிக்கும்போதெல்லாம் நீ வெங்காயக் கூடை மேல் சாய்ந்துகொண்டு, “நல்லாத்தான் கீது, பூங்கோத. பஸ்ஸு எப்ப வரும்?” என்பாய்.

இனி ஒப்புதல்.

நம் கதையைத் திருமணத்தோடு முடிக்க நீ சம்மதிக்கவில்லை. மறுவீட்டு விருந்து அத்தியாயம் ஒன்று கடைசியில் வர வேண்டும் என்றாய். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து உண்டு எழும் நாள். நம் பக்கத்தில் அன்று மாப்பிள்ளையின் இலையைப் பெண் வீட்டார்தாம் எடுக்க வேண்டும். அவன் தொட்டால் உபசரிப்பில் குறை கண்டான் என்று பொருள்; பங்காளிகள் எழுந்து நிற்பார்கள். உன் அத்தியாயத்தில் வாணியின் அம்மா இலையெடுக்கக் குனிகிறாள். கதிரேசன் அவளைத் தடுத்துத் தன் இலையைத் தானே எடுக்கிறான். வீடே கொந்தளிக்கிறது. அவன் ஒரு வார்த்தை சொல்கிறான். வீடே சிரிக்கிறது. அங்கேதான் கதை முடிகிறது.

நீ சொன்னபடியே அதை எழுதினேன். பிறகு கதை நிறைந்த மூன்று நோட்டுகளையும் படியெடுத்து அனுப்பும் வேளையில், அந்த அத்தியாயத்தை மட்டும் கிழித்தேன்.

ஏன் தெரியுமா? எச்சில் இலையில் ஒரு காதல் கதை முடிவதா என்று கூசினேன். அதைப் படிப்பவர்கள், எழுதியவள் யார், எந்த வேலை பார்ப்பவள் என்று மோப்பம் பிடித்துவிடுவார்களே என்று அஞ்சினேன். அனுப்பிய கடிதத்தில் என்னை ‘இல்லத்தரசி, இலக்கிய ஆர்வலர்’ என்று குறிப்பிட்டேன். உன் பெயரை எழுதவே இல்லை. ‘தோழி ஒருவரின் ஊக்கத்தால்’ என்று ஒரு தொடர் போட்டேன். பதினோரு ஆண்டுகள் உன்னோடு ஒரே வண்டியில் போனவள் எழுதிய தொடர் அது. கிழித்த தாள்களைச் சோற்று அடுப்பில் போட்டேன். உலை கொதிக்கத்தான் உதவின.

நீ கேட்டாய். இரண்டு முறை கேட்டாய். இரண்டாம் முறை கேட்டது நீ போவதற்கு நான்கு நாள் முன்பு, வண்டியில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது.

“மறுவூட்டு விருந்தும் போச்சில்ல?”

“போயிட்ச்சி அக்கா,” என்றேன்.

நீ தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நெஞ்சுவலி உனக்கு அப்போதே இருந்ததா? இருந்தும் சொல்லாமல் வேலைக்கு வந்தாயா? அதை இனி யாரிடம் கேட்பேன்?

ஆசிரியர் அழைத்தது உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம். அந்த எட்டுப் பக்க விடியலைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார். அதைப் படித்த பிறகே மேற்கொண்டு படிக்கத் தோன்றியதாம். ‘அதுதாம்மா உங்க முத்திரை’ என்றார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, என் உச்சந்தலை குளிர்ந்தது. வாழைக்காய்க் கறை படிந்த கையுறையோடு ஓர் இலக்கியவாதியாக நின்றேன். அன்று பகல் பந்தி முடிந்ததும், உன் இடத்துக்கு ஆள் வராததால், இலை எடுக்க என்னை அனுப்பினார் மாஸ்டர்.

முதல் முறையாக நான் எடுத்தேன், அக்கா. தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு வரிசையாகச் சுருட்டிக்கொண்டே போனேன். பாதியில் என்னை அறியாமல் இலைகளைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். இது சர்க்கரை நோயாளி. இது கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்தவர். இது குழந்தைக்கு ஊட்டிவிட்டுத் தான் உண்ணாதவள். எத்தனை கதைகளை நீ இரண்டு கையால் சுருட்டித் தொட்டியில் போட்டிருக்கிறாய்! வரிசையின் கோடியை அடைந்தபோது என் முடிவு உறுதிப்பட்டிருந்தது. உன் அத்தியாயம் இல்லாமல் அந்த நாவல் வெளிவரக் கூடாது.

மறுநாளே ஆசிரியரை அழைத்து, கடைசி அத்தியாயம் ஒன்று விடுபட்டுவிட்டது, எழுதியவர்கள் இருவர் என்று தெரிவித்தேன். அவர் பொறுமையானவர். கல்யாணத்தோடு முடிவதுதான் வாசகிகளுக்கு இனிக்கும் என்றார். அதற்கும் நான் அசையாததைக் கண்டு, அச்சுக்குப் பக்கம் முடிவாகிவிட்டது, கூட்ட வழியில்லை என்றார். யோசித்துச் சொல்ல வெள்ளிக்கிழமை வரை எனக்கு அவகாசம் தந்தார். அன்று திங்கள்.

என்னிடமோ அந்த அத்தியாயம் இல்லை. சாம்பல்தான் இருந்தது.

எனவே செவ்வாயன்று கச்சிராயபாளையம் மண்டபத்தில், இடைவெளி நேரத்தில், எல்லோர் முன்னிலையிலும் நான் செய்ததைச் சொன்னேன். நம் குழுவின் சரோஜா அக்கா மாங்காய் நறுக்கிய கத்தியை அப்படியே கீழே வைத்தாள்.

“படிச்சவ பண்ற வேலையாடி இது? அவ வாய்ப்பேச்ச அட்ப்புல போட்டுட்டு வந்துக்கீற?”

நான் நோட்டை விரித்து, நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். பிறகு மலர், நமக்கெல்லாம் இளையவள், மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வந்த வண்டி எது என்று கேட்டாள். மினி பஸ் என்றேன். இல்லை, மினி பஸ் அன்று பழுது, அவன் பால் வண்டியில் வந்தான் என்றாள் சரோஜா அக்கா. ஆமாம், சட்டையெல்லாம் பால் வாடை என்று மாஸ்டர் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். நீ வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் அவர்களிடம் அப்படியே இருந்தது, அக்கா! ஒருவர் விட்ட இடத்தை ஒருவர் எடுத்தார்கள். கறிக்குழம்பா கோழியா என்று சண்டை வந்தது. வாணியின் அப்பா, மருமகனுக்காக யாருக்கும் தெரியாமல் சாமை வாங்கி வந்து, ‘இது பொன்னிதான், கொஞ்சம் கறுத்துப் போச்சி’ என்று சாதித்த இடத்தை மாஸ்டரே நடித்துக் காட்டினார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

ஆனால் கதிரேசன் இலையை எடுத்துக்கொண்டு சொன்ன அந்த வார்த்தை மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை. எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறது. எதற்குச் சிரித்தோம் என்பதுதான் போய்விட்டது. அதை எழுதியவளே நான். எழுதும்போதே கூசிக்கொண்டிருந்ததால் என் மனத்தில் அது தங்கவில்லை. நானே ஒன்றைப் புனைந்து வைத்திருக்கலாம். எனக்கு அது கடினமன்று. ஆனால் உன் கதாநாயகன் என் தமிழில் பேசினால் நீ என்னை மன்னிப்பாயா?

புதனன்று வடக்கனந்தலுக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் சவரி மாமா வாசலில் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். உன் புகைப்படத்துக்குப் போட்ட மாலை வாடியிருந்தது. சின்ன விளக்கு எரிந்தது. மாமாவுக்கு நாவலும் தெரியாது, சினிமாவும் பிடிக்காது என்பது நானறிந்ததே. உன்னோடு வாழ்ந்தவராயிற்றே, எப்போதாவது சொல்லியிருப்பாய் என்னும் நம்பிக்கையில் அந்த அத்தியாயத்தை அவருக்குச் சொன்னேன். மறுவீடு. பால் வண்டி. மாமியார் குனிவது. மாப்பிள்ளை தடுப்பது.

மாமா குச்சிக்கட்டைக் கீழே வைத்தார்.

“கதன்னா சொன்னா?” என்றார்.

ஆம் என்றேன்.

“பால் வண்டிலதான் போனேன். பஸ்ஸு வர்ல.” கொஞ்ச நேரம் கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். “அவுங்க அம்மா கரும்புத் தோட்டத்துல களையெட்த்து எட்த்து முதுவு பூட்ட ஆளு. குனிய முடில. நான் எட்த்துட்டேன். அவ தாய்மாமன் எழுந்துக்கினு, எங்கூட்டு மரியாத இன்னா ஆவறதுன்னு கத்தறாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க மாமா?”

அவர் உன் படத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், என்னைப் பார்த்தல்ல.

“பொண்ணையே எட்த்துக்கினு போறேன், எலைய எட்த்தா கொறஞ்சா பூடுவேன்னேன்.”

அக்கா, நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? கதை கட்டுகிறாய் என்றல்லவா நினைத்திருந்தேன். பதினோரு ஆண்டுகளாக எவனோ ஒருவன் எவளோ ஒருத்திக்கு மாலையிடுவதைக் கண்டு நீ சிரித்தபோது, உன் காதல் கதை ஒன்று உன் மடியிலேயே இருந்தது. அதைத்தான் அச்சில் பார்க்க விரும்பினாய். அதைத்தான் நான் அடுப்பில் போட்டேன். மாமாவிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். குடித்து முடித்ததும் என் டம்ளரை அவரே வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். அதன் பிறகுதான் நான் அழுதேன்.

வியாழனன்று அத்தியாயத்தைச் செம்மையாக எழுதி முடித்தேன். எண்ணிப் பார்த்தேன், நாவலின் அளவில் சரியாக எட்டுப் பக்கம் வரும். எட்டுப் பக்கத்துக்கு எங்கே போவது? நோட்டை முன்னிருந்து புரட்டினேன். முதல் எட்டுப் பக்கத்தில் கல்வராயன் மலை விடிந்துகொண்டிருந்தது.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல எழுத்துத்தான், அக்கா. அதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. என் வாழ்நாளில் நான் கட்டிய தொடர்களில் அவற்றுக்கு ஈடான தொடர் வேறில்லை. ஆனால் அந்த எட்டுப் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை, ஒருவரும் போகவில்லை, ஒருவரும் உண்ணவில்லை. சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டேன். இனி நம் நாவலின் முதல் வரி, மினி பஸ் வந்து நிற்பது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆசிரியரை அழைத்தேன். பக்கம் கூட்ட வேண்டாம், முதல் எட்டை எடுத்துவிட்டேன் என்றேன். அவர் பதறிப்போனார்.

“அது போனா உங்க முத்திரையே போயிடுமேம்மா. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசித்தாயிற்று, ஐயா. கடைசி எட்டை வாசிக்கிறேன், கேளுங்கள். பிடிக்காவிட்டால் நான் அனுப்பிய படியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மன வருத்தம் இல்லை.”

நின்றபடியே முழு அத்தியாயத்தையும் தொலைபேசியில் வாசித்தேன். சவரி மாமாவின் வார்த்தை வந்த இடத்தில் மறுமுனையில் ஓர் ஒலி கேட்டது. இருமலோ என்று நிறுத்தினேன். சிரிப்பு, அக்கா. சிரித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, ‘அனுப்புங்க’ என்றார்.

அட்டையில் ஸ்டெல்லா, பூங்கோதை என்று இரண்டு பெயர் வருகிறது. உன் பெயர்தான் முதலில். எழுதியவர் குறிப்பையும் மாற்றச் சொல்லிவிட்டேன்: ‘ஸ்டெல்லா திருமணப் பந்திகளில் இலை எடுத்தவர். பூங்கோதை அதே பந்திகளில் காய் நறுக்குபவர். இப்போது இலையும் எடுக்கிறார்.’ அந்த மூன்று தொடரையும் ஒருமுறைக்கு மூன்றுமுறை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவற்றில் பிழை வந்தால் சென்னைக்கே புறப்பட்டுப் போவேன் என்றும் சொன்னேன்.

முதல் படி கைக்கு வந்ததும் வடக்கனந்தலுக்குத்தான் வருவேன். மாமாவுக்குக் கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிப்பேன். மற்றதை அவர் கேட்கப் போவதில்லை. அடுத்த கதையையும் தொடங்கிவிட்டேன். நான் எடுக்கும் இலைகளில் ஒன்றிலிருந்து அது தொடங்குகிறது. பாயசம் மட்டும் காலியான இலை அது. அதில் யார் எவ்வளவு பெரிய மாளிகையில் திருமணம் செய்துகொண்டாலும், எல்லோரும் உண்டு முடித்து, கடைசி இலை எடுக்கப்படும் வரை என் கதை முடியாது. எவர் சொன்னாலும் முடிக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. போயிட்ச்சி என்று உன்னிடம் சொன்ன பொய்க்கு ஈடாக நான் தரக்கூடியது இது ஒன்றே.

நாளை சின்னசேலத்தில் முகூர்த்தம். வண்டி வந்துவிடும்.

உன் இலைக்குப் பக்கத்து இலையில் உண்டவளும், இனி உன் வரிசையை எடுப்பவளுமான
உன் தங்கை
பூங்கோதை